பின் இருக்கையின் எடை

ஆலைக் குடியிருப்பு,
3 அக்டோபர் 1958

விலேம் அவர்களுக்கு,

உங்கள் உடைந்த முதுகெலும்பு கூடிவருகிறது என்று ஆலையில் சொன்னார்கள். நல்லது. ஆனால் நான் எழுதுவது நலம் விசாரிக்க அல்ல.

நேற்று விசாரணைக் குழுவின் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார்கள். தலைமை வடிவமைப்பாளர் வோந்த்ராதான் படித்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: "விமானம் சுழலிலிருந்து மீண்ட பிறகு, பின் இருக்கையில் இருந்த பொறியாளர் ராதிம் ஹவ்லாசெக் தேவையின்றி வெளியே குதித்தார்."

தேவையின்றி. அந்தச் சொல்லைப் படிக்கும்போது வோந்த்ரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரோரிஸ் விமானத்தின் வாலை வரைந்தவன் என் கணவன். அது எப்போது சொன்னபடி கேட்கும், எப்போது கேட்காது என்று அவனைவிட அறிந்தவர் யாரும் இல்லை. அவன், நேராகிவிட்ட விமானத்திலிருந்து பயந்துபோய்க் குதித்துச் செத்தான் என்று இப்போது ஆலை முழுக்கப் பேச்சு. உணவுக்கூடத்தில் நான் நுழைந்தால் கரண்டிச் சத்தம்கூட நிற்கிறது. விமானங்களின் எடையைக் கணக்கிடும் எங்கள் பொறியியல் பிரிவில் என் பக்கத்து மேஜைக்காரி என் தோளைத் தொட்டு, "பாவம்டி, எல்லாருக்குமா தைரியம் இருக்கும்?" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம்.

வோந்த்ராவிடம் கேட்டேன், இதை யார் சொன்னது என்று.

"விலேம் சொன்னதுதான், தோழர். முன் இருக்கையில இருந்தவரு அவரு. அவரைவிட யாருக்குத் தெரியும்?"

நீங்கள் எங்கள் திருமணத்தில் ராதிமுக்குத் துணைநின்றவர். அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஹெட்விகா


மலை மருத்துவமனை,
11 அக்டோபர்

ஹெட்விகாவுக்கு,

கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. மல்லாந்தபடி, பலகையைத் தலைக்குமேல் பிடித்து எழுதுகிறேன். பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது, பென்சிலில் எழுதுவதைப் பொறுத்துக்கொள். அடக்கத்துக்கு வர முடியவில்லை. வந்திருந்தாலும் உன் முகத்தைப் பார்த்திருப்பேனா, தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் வேலை, ரோரிஸை வேண்டுமென்றே சுழலில் தள்ளிவிட்டு, அது வெளியே வருகிறதா என்று பார்ப்பது. ராதிம் ஏறும்போதே சொன்னான்: "பள்ளிக்கூடத்துக்குப் போற விமானம்டா இது. பசங்க தப்பு பண்ணுவாங்க. மன்னிக்கத் தெரியலைன்னா இது எதுக்கு?" பின் இருக்கையில் யாரும் இல்லாமல் நான் பலமுறை சுழற்றியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மன்னித்தது. ஆள் உட்கார்ந்து சுழற்றியது அன்றுதான் முதல்முறை.

முதலில் மூக்கைக் கீழே குத்தி ஒழுங்காகத்தான் சுழன்றது. பிறகு மூக்கு மெல்ல மேலே எழும்பியது. விமானம் மேஜைமேல் விட்ட தட்டு மாதிரி படுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கைப்பிடியைத் தள்ளினேன், சுக்கானை மிதித்தேன். எதிலும் காற்றின் எதிர்ப்பே இல்லை. செத்த மீனைப் பிடித்திருப்பது போல் இருந்தது. இயந்திரமும் நின்றுவிட்டது. சர்க்கரை ஆலைப் புகைபோக்கி, ஆறு, புகைபோக்கி, ஆறு. சத்தமே இல்லாமல் கண்முன் சுற்றின.

"குதிடா"ன்னு கத்தினேன். பின்னால் இருப்பவன் முதலில் குதிக்க வேண்டும், அதுதான் விதி. அவன் தலைக்குமேல் இருந்த கண்ணாடிக் கூண்டு பிய்ந்து போகும் சத்தம் கேட்டது. நானும் வாரைக் கழற்றப் போனேன். அப்போதுதான் காதுக்கருவியில் அவன் குரல். பதற்றமே இல்லை. உணவுக்கூடத்தில் என்னைச் சீண்டுகிற அதே குரல்.

"விடுடா கிழவா. கையை எடு. அதுவே திரும்பும்."

கையை எடுத்தேன். மூக்கு கீழே இறங்கியது. விமானம் திரும்பிவிட்டது, ஹெட்விகா. "உன் பொண்ணு மன்னிச்சிட்டாடா"ன்னு சொன்னேன். பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின் இருக்கையில் வார் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு, ஓடாத இயந்திரத்தோடு உழுத வயலில் இறங்கினேன். முதுகு போனது அங்கேதான்.

குழுவிடமும் இதையேதான் சொன்னேன். அவன் என்னைக் காப்பாற்றினான் என்று சொன்னேன். அவர்கள் அதிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தைப் பிழிந்தெடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

விலேம்


ஆலைக் குடியிருப்பு,
19 அக்டோபர்

விலேம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்தக் குரல் இருக்கும் வரியை மட்டும் கையால் மறைத்துக்கொண்டும் படித்துப் பார்த்தேன்.

ராதிம் விழுந்த ஊருக்குப் போனேன். அவன் விழுந்த பீட்ரூட் வயலுக்குப் பக்கத்தில் ஒரு கால்பந்து மைதானம். அன்று அங்கே ஆட்டம் நடந்திருக்கிறது. கோல்காப்பாளன் அலோயிஸ் என்று ஒருவன், கசாப்புக் கடைக்காரன். பந்து எதிர்ப்பக்கம் இருந்ததால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

"மொதல்ல ஒரு கண்ணாடித் துண்டு மினுக்குச்சு. அப்புறம் ஆள் வந்தாரு. பாராசூட் குடை பாதிதான் விரிஞ்சுது அம்மா, என்னை மன்னிச்சிடுங்க."

"அப்போ விமானம் என்ன பண்ணிட்டு இருந்தது?"

"சுத்திட்டே இருந்துச்சு. ஆள் வெளிய வந்தப்புறம்தான் தலையைக் குனிஞ்சுது. யாரோ பின்னாடி புடிச்சிருந்து விட்ட மாதிரி."

குழுவில் யாரும் அவனைக் கேட்கவில்லை. விமானத்தையும் போய்ப் பார்த்தேன். ராதிமின் காதுக்கருவி வயர் செருகியிலிருந்து பிடுங்கப்பட்டுக் கிடக்கிறது. கூண்டை விட்டு எழும்போதே அது கழன்றிருக்கும். கழன்ற பிறகு அவன் என்ன சொல்லியிருந்தாலும் உங்கள் காதுக்கு வராது. கழலும் முன் விமானம் திரும்பவில்லை.

உணவுக்கூடத்தில் அவன் உங்களுக்குப் பிளம் கொழுக்கட்டையை வைத்துப் பாடம் நடத்தினானே, நினைவிருக்கிறதா? கிண்ணத்துக்குள் வைத்துத் தள்ளினான், அசைந்து நடுவுக்கே வந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்து முதுகில் வைத்துத் தள்ளினான், உருண்டு உங்கள் மடியில் விழுந்தது. எடை முன்னால், நல்ல பெரிய வால் பின்னால் என்றால் விமானம் கிண்ணத்துக்குள் இருக்கிறது. எடை பின்னால் நகர நகரக் கிண்ணம் ஆழம் குறைந்து தட்டாகும், பிறகு கவிழ்ந்துபோகும். வாலைப் பெரிதாக்க வேண்டும் என்று ராதிம் கேட்டான். வேகம் குறையும் என்று வோந்த்ரா மறுத்தார். பின் இருக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்தால் ரோரிஸ் தட்டின்மேல் வந்துவிடுகிறது. அந்த ஆள் எழுந்து போனால் மறுபடி கிண்ணத்துக்குள்.

விமானத்தைத் திருப்பியது உங்கள் கை இல்லை. குரலும் இல்லை. அவன் அங்கே இல்லாமல் போனதுதான்.

இரண்டாவது ரோரிஸுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். வோந்த்ரா எல்லோரிடமும் சொல்வது: "ரெண்டு பேரோட சுத்தியும் திரும்பி வந்துச்சே, விலேமே சாட்சி." வசந்தத்தில் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும். அங்கே பின் இருக்கை காலியாக இருக்காது. ஆசிரியர் உட்கார்ந்திருப்பார்.

அவன் போன பிறகுதான் விமானம் திரும்பியது என்று குழுவுக்கு எழுதுங்கள்.

ஹெட்விகா


மலை மருத்துவமனை,
5 நவம்பர்

ஹெட்விகா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கை வலி என்று சொல்லலாம். பொய்.

இறந்தோர் நாளன்று செவிலி, சன்னல் ஓரத்தில் எல்லோருக்குமாக மெழுகுவர்த்தி ஏற்றினாள். "யாருக்காவது பேர் சொல்லணுமா?" என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில் சுரங்கத் தொழிலாளி ஒருவர் ஆறேழு பெயர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பெயரைச் சொன்னால் அவன் செத்தவர்கள் பக்கம் போய்விடுவான் என்று ஒரு பயம். சிரிக்காதே.

அந்தக் குரல் இன்னும் வருகிறது. பகலில்தான். இரண்டு செவிலிகள் என்னைப் புரட்டும்போது, உடம்பு ஒரு கணம் யார் கையிலும் இல்லாமல் இருக்குமே, அப்போது. "விடுடா கிழவா." தெளிவாக, காதுக்கு மிக அருகில். முதலில் உடம்பெல்லாம் வேர்த்தது. இப்போது, அவர்கள் புரட்ட வரும் நேரத்துக்குக் காத்திருக்கிறேன்.

நீ கணக்குக்காரி. உன் கணக்குத் தப்பாது. ஆனால் உன் கணக்குப்படி பார்த்தால் நான் அவனைக் குதிக்கச் சொன்னேன், அவன் குதித்தான், அவன் எடை குறைந்ததால் நான் பிழைத்தேன். அவ்வளவுதான் மிச்சம். ஒரு மூட்டையைத் தூக்கிப் போடுவதுபோல் அவனைத் தூக்கிப்போட்டுவிட்டு நான் கீழே வந்திருக்கிறேன். இதைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறாய்.

நான் கேட்டேன், ஹெட்விகா. கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுத மாட்டேன். என்னிடமிருந்து அவனை இரண்டாவது தடவை கீழே தள்ளாதே.

விலேம்


ஆலைக் குடியிருப்பு,
20 நவம்பர்

விலேம் அவர்களுக்கு,

சரி. உங்களை இனி வற்புறுத்தவில்லை.

டிசம்பரில், பனி இறுகியதும், இரண்டாவது ரோரிஸைச் சுழற்றப் போகிறார்கள். விமானி யார்மில். அவருக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. பின் இருக்கைக்குப் பொறியாளர் ஒருவர் வேண்டும் என்று வோந்த்ரா கேட்டார். அறையில் எல்லோரும் தங்கள் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கை தூக்கினேன்.

"உங்களுக்கு எடை பத்தாதே, தோழர்" என்றார்.

"ஈயம் வெச்சு கட்டுங்க" என்றேன்.

ஒப்புக்கொண்டுவிட்டார். என் கணக்கு தவறு என்று காட்ட அவருக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

ஹெட்விகா


மலை மருத்துவமனை,
26 நவம்பர்

ஹெட்விகா,

ஏறாதே. மற்றது எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படி: ஏறாதே.

உன் கடிதம் வந்ததும் செவிலியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன், என் பென்சில் எழுத்தைக் குழு படிக்காது என்று. எழுதியது இதுதான்: "நான் ஒரு குரலைக் கேட்டேன். ஆனால் அந்த நேரத்தில் ராதிம் விமானத்துக்குள் இருந்தார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவரைக் குதிக்கச் சொன்னது நான். கூண்டு திறந்த சத்தம் கேட்டபோது விமானம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அவர் குதித்தது என் உத்தரவால், தேவையோடு." செவிலி எழுதி முடித்து மூக்கைச் சிந்தினாள். காலை அஞ்சலில் போய்விட்டது. யார்மிலுக்கும் தனியாக ஒன்று போட்டிருக்கிறேன். நல்ல வார்த்தைகள் இல்லை அதில்.

இப்போது கேள். பின் இருக்கையில் ஆள் வேண்டாம். பீப்பாய் ஒன்றைக் கட்டுங்கள், தண்ணீர் நிரப்பி. அடியில் அகலமான மடை, அதன் கயிறு விமானி கையில். சுழல் தட்டையாகி விமானம் திரும்ப மறுத்தால் கயிற்றை இழுக்கட்டும், தண்ணீர் போகட்டும். உன் கணக்கு சரி என்றால் மூக்கு இறங்கும். தவறு என்றால் விமானி குதிக்கட்டும், ஒரே ஆள்.

அந்த விமானி நான்தான். கட்டு பிரித்ததும் வருகிறேன். அதுவரை காத்திருக்கச் சொல். அந்த விமானம் எப்போது செத்த மீனாகும் என்று என் கைக்கு மட்டும்தான் தெரியும்.

விலேம்


ஆலைக் குடியிருப்பு,
14 மார்ச் 1959

விலேம் அவர்களுக்கு,

குழு உங்கள் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது. சோதனை ஏப்ரலில். வோந்த்ரா என் மேஜைக்கே வந்து கத்தினார்: "குரல் கேட்டுச்சுன்றாரு, ஆள் இல்லைன்றாரு! நாளைக்கு பிசாசு ஓட்டுச்சுன்னு சொல்வாரா?" அறையில் யாரும் சிரிக்கவில்லை. யார்மில் எழுந்து நின்று, "பீப்பாய் வெச்சாதான் அந்த விமானம் மேல போகும்" என்றார். தனக்கு நீங்கள் எழுதியதை எனக்குக் காட்டினார். நீங்கள் அப்படியெல்லாம் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்று பீப்பாயைப் பொருத்தினார்கள். பொருத்துநர் குழாயைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார், "எவ்வளவு ஊத்தணும்மா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்தே இருக்கவில்லை. ராதிமின் எடை, அவன் சட்டை, காலணி, குடைப்பை எல்லாம் சேர்த்துச் சொன்னேன். தராசு முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சரியான இடத்துக்கு வந்ததும் "போதும்" என்று சொல்ல வேண்டும். முள் கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது. அவர் ஒரு குவளையால் மொண்டு வெளியே ஊற்றினார்.

அதைப் பின் இருக்கையில் வைத்து, ராதிமின் வார்களாலேயே கட்டினார்கள். விமானத்தை அசைத்தபோது உள்ளே தண்ணீர் மெல்லப் புரண்டது. நான் வெளியே வந்துவிட்டேன்.

பறக்கும் அளவுக்கு உங்கள் முதுகு நிஜமாகவே தேறிவிட்டதா? மருத்துவரை மிரட்டிக் கையெழுத்து வாங்கவில்லையே?

ஹெட்விகா


ஒலொமோத்ஸ், தங்கை வீடு,
23 ஏப்ரல்

ஹெட்விகா,

இறங்கியதும் உன்னிடம் பேசாமல் ரயிலேறிவிட்டேன். ஓடுபாதை ஓரத்தில் நீ நின்றதைப் பார்த்தேன். உன்னிடம் வாயைத் திறந்திருந்தால் எல்லோர் முன்னாலும் அழுதிருப்பேன். இப்போது எழுதுகிறேன்.

மேலே ஏறும்போது பின்னால் தண்ணீர் அசைவது காதில் கேட்டது. ஒருவர் உட்கார்ந்த இடத்தில் நெளிவது போல. திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன், பார்க்கவில்லை. கண்ணாடியைத் துணியால் மூடச் சொல்லியிருந்தேன், மூடியிருந்தார்கள்.

சுழலில் தள்ளினேன். எல்லாம் அன்று போலவேதான். மூக்கு எழுந்தது, தட்டு மாதிரிப் படுத்தது, கைப்பிடி செத்தது, இயந்திரம் நின்றது. புகைபோக்கி, ஆறு. நீ சொன்ன அத்தனையும் சரி. விதிப்படி எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். விமானம் கேட்கவில்லை. கையையும் எடுத்துப் பார்த்தேன், அன்று போலவே. எடுத்தும் அது திரும்பவில்லை. அப்போதே கயிற்றை இழுத்திருக்க வேண்டும்.

நான் காத்திருந்தேன்.

வேண்டியதைவிட அதிகமாகக் காத்திருந்தேன், ஹெட்விகா. புகைபோக்கி பெரிதாகிக்கொண்டே வந்தது. வானொலிக்காரர் என்னவோ கத்தினார். நான் அவனுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். "கிழவா" என்றால்கூடப் போதும். ஒன்றும் இல்லை. பின்னால் தண்ணீர் மட்டும் புரண்டது.

கயிற்றை இழுத்தேன். தண்ணீர் விமானத்தைச் சுற்றி வெள்ளையாகச் சுருண்டு போனது. அது போகப்போக இருக்கை லேசாவது என் முதுகுக்கே தெரிந்தது. மூக்கு தானாக, ரொம்ப மெதுவாகக் குனிந்தது. யாரோ பின்னால் பிடித்திருந்து விட்ட மாதிரி என்று உன் கோல்காப்பாளன் சொன்னானே, அதேதான். இந்தத் தடவை இயந்திரமும் பிடித்துக்கொண்டது.

அன்று நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். அவன் கடைசியாகச் செய்தது குதித்தது. அதை நான் சொன்னதால் செய்தான். எனக்கு யார் பேசியது என்று தெரியாது, இனி தெரியவும் வராது. சோதனைக்குப் பிறகு அந்தக் குரல் ஒரு தடவைகூட வரவில்லை. தங்கை வீட்டுப் படியில் தடுக்கி விழப்போனேன், அப்போதும் வரவில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

விலேம்


ஆலைக் குடியிருப்பு,
2 மே 1959

விலேம்,

முதலில் செய்திகள். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, "உத்தரவின்படி, விமானம் மீளாத நிலையில் வெளியேறினார்" என்று எழுதியிருக்கிறார்கள். இம்முறை அறிக்கையை என் கையில் கொடுத்தார்கள். வாலைப் பெரிதாக்குகிறார்கள், ராதிம் வரைந்த அளவிலேயே. இயந்திரத்தையும் ஒரு கையகலம் முன்னால் நகர்த்துகிறார்கள். வோந்த்ரா என்னிடம் பேசுவதில்லை. ஆனால் புதிய வரைபடங்களை என் மேஜையில்தான் வைத்துவிட்டுப் போகிறார். பள்ளிகளுக்கு விமானம் அடுத்த வருடம்தான். யார்மில் தன் மனைவி சுட்ட கசகசா ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

இனி நான் சொல்ல வேண்டியது.

அன்று நான் ஓடுபாதை ஓரத்துக்கு வந்தது கடைசியில்தான். அதுவரை வானொலி அறையில் இருந்தேன். இரண்டாவது காதுக்கருவி என் தலையில் இருந்தது. நீங்கள் ஏறியதிலிருந்து உங்கள் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

நீங்கள் கயிற்றை இழுக்காமல் இருந்தபோது வானொலிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "திறங்க! திறந்துவிடுங்க!" என்று கத்தினார். என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு!" என்று ஒலிவாங்கியை என் வாய்க்கு நேராக நீட்டினார். சன்னலில் விமானம் தெரிந்தது. தட்டையாக, சத்தமில்லாமல், கீழே வந்துகொண்டிருந்தது. நான் ஒலிவாங்கியைக் கையால் தள்ளிவிட்டேன்.

அவர் கத்தலில் எதுவும் காதில் விழாமல் போய்விடுமே என்று, அவரை வாயை மூடச் சொல்லிச் சைகை காட்டினேன். காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன்.

வயர் பிடுங்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அவன் எடையைத் தண்ணீரில் அளந்தவளும் நான். அப்படி இருந்தும், விலேம், நீங்கள் எதற்காகக் காத்திருந்தீர்களோ, அதற்காகத்தான் நானும் காத்திருந்தேன். நீங்கள் தரையில் மோதிவிடக்கூடும் என்ற நினைப்பே அப்போது எனக்கு வரவில்லை.

தண்ணீர் வெள்ளையாகப் பிரிந்ததைப் பார்த்ததும் வானொலிக்காரர் கைதட்டி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அழுததைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

ஹெட்விகா